கைதட்டினார்கள், அப்புறம்?

கேள்வி: அவிநாசிப் பக்கம் ஒரு கிராமம் எங்களது. வீட்டிலேயே ஆறு மிஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு. அக்டோபர் 2 கிராம சபைக்கு என்னோடு வந்தவள், திடீரென்று எழுந்து, “அத்திக்கடவுத் தண்ணி வர்ற குட்டை மேட்டுல வேஸ்ட் துணி எரிக்கிறாங்க. பள்ளிக்கூடம் போறப்ப மூச்சு முட்டுதுங்க” என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவரும் பாராட்டினார். எனக்குப் பெருமைதான். ஆனால் அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உலகம் சூடாகிறது, பூமியே அழியப் போகிறது என்று அம்மிச்சியிடம் புலம்புகிறாளாம். இதெல்லாம் பெரியவர்கள் விஷயம், வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எப்படிப் புரியவைப்பது?
பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எரிப்பது நின்றதா என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அம்முணிக்குக் கோபமே அதில்தான் என்று நினைக்கிறேன். அவள் சொன்ன புகாரை நீங்கள் எல்லோரும் பேச்சுப்போட்டி மாதிரி கேட்டுவிட்டீர்கள். இதையே ஒரு தோட்டத்துக்காரர் எழுந்து சொல்லியிருந்தால் யாராவது கைதட்டியிருப்பார்களா? ‘யாரு எரிக்கிறது, எந்நேரத்துக்கு’ என்று கேட்டிருப்பார்கள். சண்டைகூட வந்திருக்கும்.

அந்த மேட்டை நீங்கள் வண்டியில் அரை நிமிடத்தில் தாண்டிவிடுவீர்கள். அவள் பையைச் சுமந்துகொண்டு நடக்கிறாள். உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறவர்கள். பாலியஸ்டரும் இலாஸ்டிக்கும் கருகினால் என்ன நாற்றம் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புகையைப் பற்றி உங்கள் ஊரில் நன்றாகத் தெரிந்த ஆள் அவள்தான்.

‘வளர்ந்த பிறகு’ என்பதை நம் பக்கத்தில் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலிருந்து நொய்யல் ஆற்றில் வந்த சாயத் தண்ணீர் அதில் தேங்கி, விவசாயிகளே ‘இந்தத் தண்ணி வேண்டாம்’ என்று சொல்லும்படி ஆனது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011இல். அணை கட்டிய வருடம் பிறந்த குழந்தை அதற்குள் பிளஸ் டூவே முடித்திருக்கும். பிள்ளைகளைப் பாதிக்கிற விஷயங்களில் அவர்கள் கருத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததும் அதே 1992இல்தான்.

கொரோனாவிலும் பார்த்தோமே. டாஸ்மாக் கடைகள் 2020 மே மாதமே பெரும்பாலான ஊர்களில் திறந்துவிட்டன. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. உங்கள் மகள் அப்போது சின்ன வகுப்பில் இருந்திருப்பாள். எது முந்தி என்று முடிவு செய்த இடத்தில் அவள் வயதில் யாரும் இல்லை.

பூமி அழியும் என்ற பயத்துக்கு வருகிறேன். உலகம் சூடாவதை அவளிடம் மறைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் அவளும்தானே நடந்தாள். ஆனால் பள்ளி விழாவில் மரக்கன்றைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்து, ‘நீங்கதான் பூமியைக் காப்பாத்தணும்’ என்கிறோமே, அதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. குப்பை போட்டது நாம், முடிவெடுப்பது நாம், காப்பாற்றுகிற வேலை மட்டும் ஏழாம் வகுப்புக்கா? அவள் சொன்ன ஒரு சின்ன விஷயம் நடந்தாலே பயம் கொஞ்சம் இறங்கும்.

கிராம சபையில் வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள். அவளுக்கு ஓட்டு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அடுத்த சபை நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று. அதற்குள் ஒரு நாள் காலையில் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு அவளோடு பள்ளிக்கூடம் வரை நடந்து போங்கள். எங்கே எரிக்கிறார்கள், எந்தெந்த நாளில், யார் வீட்டு மூட்டை என்று அவளே காட்டுவாள். ஒருவேளை அது உங்களுக்கு ஆர்டர் கொடுக்கிறவருடையதாக இருக்கலாம். கடிதத்தில் அதைச் சொல்லாமல் விட்ட மாதிரி எனக்குப் பட்டது. அப்படியென்றால், “அப்பனுக்கும் பயமா இருக்குது கண்ணு” என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அவளுக்குப் புரியும்.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து மனு எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். மனுவில் தன் பெயர் வேண்டுமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் பெயரைப் போடுங்கள்.