மைக்கை மாற்ற வேண்டாம், கிட்டே கொண்டுபோங்கள்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கூடத்தில்) வைத்து அப்பத்தாவின் சமையல் வீடியோக்களை எடுக்கிறோம். படம் நன்றாக இருக்கிறது. குரல்தான் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. மைக்கைக் கேமராவின் மேலேயே மாட்டியிருக்கிறோம். 30,000 ரூபாய்க்கு ஒரு ஷாட்கன் மைக் வாங்கினால் எதிரொலி போய்விடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? அடுத்த மாதம் கானாடுகாத்தானில் வேறொரு வீட்டை வாடகைக்கு எடுக்கவும் யோசனை. ஏற்பாடு செய்பவர் அதைச் ‘சத்தமே இல்லாத வீடு’ என்கிறார்.

பதில்: வாங்காதீர்கள். இப்போதிருக்கும் மைக்கில் பெரிய குறை எதுவும் இருக்காது. அதை வைத்திருக்கும் இடம்தான் தப்பு.

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலை யோசித்தார்கள், மழையை யோசித்தார்கள், வீடியோவை யோசிக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழுவழுவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடி டைல்ஸ் தரை, உயரமான கூரை, தேக்குத் தூண். எதுவும் ஒலியை உறிஞ்சாது. அப்பத்தா சொன்ன ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் ஏறுகிறது. முற்றம் திறந்திருந்தால் கொஞ்சம் ஒலி மேலே போய்விடும். ஷீட் போட்டு மூடியிருந்தால் அதுவும் இல்லை.

வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோ அறையில் எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கேமரா எட்டடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்கை அங்கிருந்து வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தால் நேர்க்குரல் சுமார் 20 டெசிபல் கூடும். எதிரொலி அப்படியே இருக்கும். டெசிபல் கணக்கு பிடிபடாவிட்டால் விடுங்கள், கிட்டே போனால் போதும்.

ஷாட்கன் மைக் திறந்தவெளிக்கு நல்ல சாமான். பக்கவாட்டில் வரும் ஒலியைக் குறைப்பதற்காக அதில் ஒரு நீளக் குழாய் இருக்கும். நாலு சுவருக்குள் எதிரொலி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால், அந்தக் குழாய் தடுமாறிக் குரலின் நிறத்தையே கெடுத்துவிடும். கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

உங்களுக்குத் தேவை, சட்டையில் குத்தும் சிறிய காலர் மைக், வயருள்ளது. அதை ஒரு பழைய போனில் செருகி, ஏர்பிளேன் மோடில் போட்டு, அப்பத்தாவின் இடுப்பில் செருகிவிடுங்கள். தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி ஜாக்கெட்டில் குத்தலாம். முந்தானை உரசக்கூடாது, சங்கிலி இடிக்கக்கூடாது. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அப்பத்தா பேச்சை நிறுத்தும்போதெல்லாம் மின்விசிறி இரைச்சல் எழும்பி வரும். அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டினால் பிறகு படத்தோடு சேர்ப்பது சுலபம். முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்; வெட்டி ஒட்டிய இடங்களை மறைக்க அது உதவும்.

வாங்கும்போது பிளக்கைப் பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கு. மாற்றி வாங்கிவிட்டு ‘மைக் செத்துப்போச்சு’ என்று திரும்பப் போனால், அடாப்டர் என்று இன்னொன்றை விற்பார்கள். பெயர் பெற்ற பிராண்டின் அச்சு அசல் நகல்கள் அரை விலையில் கிடைக்கின்றன. ஜிஎஸ்டி பில் கேட்டதும் ‘பில் போட்டால் ரேட் ஏறும்’ என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். அந்தப் பொருளுக்கு வாரண்டியும் இல்லை, ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்தில் காட்டக் காகிதமும் இல்லை. ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று பெட்டியில் அச்சடித்த வயர்லெஸ் மைக்குகளை நம்பாதீர்கள். அது மின்விசிறி இரைச்சலோடு குரலின் சதையையும் சேர்த்து அரிந்துவிடும், எதிரொலி மிச்சம் இருக்கும். ‘எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்’ என்பவரையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரொலி நீக்கும் மென்பொருள்கள் ஓரளவு குறைக்கின்றன. அதிகம் அழுத்தினால் குரல் தகரமாகிவிடும்.

அறைக்கு: தடித்த ஜமக்காளத்தை நான்காக மடித்துப் படத்தில் விழாதபடி பின்னாலும் பக்கத்திலும் தொங்கவிடுங்கள். பஞ்சு மெத்தை இன்னும் நல்லது. கோரைப்பாய் போதாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள். முட்டை ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. அட்டையால் ஒரு பயனும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அப்பத்தா தாலாட்டுப் பாடினால் எதிரொலியைக் கொல்லாதீர்கள். பாட்டுக்கு அந்த வளவு தரும் நீட்டம் அழகு. அப்போது காலர் மைக்கோடு கூட இரண்டாவது மைக் ஒன்றை ஆறேழு அடி தள்ளி வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு கிட்டத்து ஒலியோடு தூரத்து ஒலியைக் கொஞ்சமாகக் கலக்கலாம். இது பாட்டுக்கு மட்டும். பாட்டுக்கு நடுவே ‘இதை என் மாமியார் சொல்லிக்கொடுத்தா’ என்று பேச ஆரம்பித்தால் தூரத்து மைக்கை இறக்கிவிட வேண்டும். பாட்டு திரும்பியதும் ஏற்றலாம். பாதி பாட்டு பாதி பேச்சாக அவர் இழுத்தால், பேச்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பாரிக்கும் இதுதான்.

வாடகை வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ‘சத்தமே இல்லாத வீடு’ என்பதற்குப் புரோக்கர் அகராதியில், அவர் போன நேரத்தில் ஸ்பீக்கர் ஓடவில்லை என்று பொருள். ஆடி மாதம் அம்மன் கோயில், மார்கழி விடியற்காலை, தை மாதம் பழனி பாதயாத்திரை, முகூர்த்த நாள் இதையெல்லாம் அவர் சொல்லமாட்டார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 தான் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை நீட்டிக்க மாநில அரசு அனுமதிக்கலாம். சட்டம் அருமையாக இருக்கிறது. புகார் சொல்லப் போனால் ‘சாமி காரியம், ரெண்டு நாள் பொறுத்துக்குங்க’ என்பார்கள். அந்த ரெண்டு நாள்தான் உங்கள் வாடகை நாள். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதி குறியுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். பேட்டரியில் எடுக்கலாம், ஊரே அடங்கியிருக்கும். பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர் யார் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒலிக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: அந்த வீடுகளில் பலவற்றுக்குப் பங்காளிகள் நிறையப் பேர். புரோக்கர் ஒருவரிடம் தலையாட்டல் வாங்கிக்கொண்டு உங்களிடம் அட்வான்ஸ் வாங்கிவிடுவார். படப்பிடிப்பு அன்று இன்னொரு பங்காளி வந்து சாவியைக் கேட்பார். எழுத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், மற்றவர்களுக்குத் தெரியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். அட்வான்ஸுக்கு முன்னால், நீங்கள் எடுக்கப்போகும் அதே நேரத்தில் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போய், அடுப்படியில் போனை வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.