கேட்ரிட்ஜ் முதல் டிஜிட்டல் வரை

கேள்வி: கேட்ரிட்ஜ் (கேம் பதிந்த, கருவியில் செருகும் சிறு பெட்டி) காலத்தைவிட இன்று வீடியோ கேம்களின் விலை கூடியிருக்கிறதா?

பதில்: அச்சிட்ட விலை கூடியிருக்கிறது, பணவீக்கத்தைக் கணக்கிட்டால் பெரும்பாலும் குறைந்தே இருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் வெளிவந்த நின்டெண்டோ 64 கருவிக்கான கேட்ரிட்ஜ்கள் பல 60 டாலருக்கும் அதற்கு மேலும் விற்றன; அந்த 60 டாலர் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 120 டாலராகும். ஒவ்வொரு கேட்ரிட்ஜிலும் நினைவகச் சில்லு இருந்ததால் தயாரிப்புச் செலவு மிகுந்திருந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் கருவி பயன்படுத்திய குறுந்தகடு அச்செலவை வெகுவாகக் குறைத்தது. பெரிய கேம்களின் விலை 2020இல் 70 டாலருக்கு நகர்ந்தது. 2025இல் நின்டெண்டோவின் ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ கேம் 80 டாலரைத் தொட்டது. ஆயினும், முழு விலை செலுத்திய பிறகும் கேமுக்குள்ளேயே கூடுதல் பகுதிகள் விற்கப்படுவதையும், கேட்ரிட்ஜைப் போல டிஜிட்டல் பிரதியை மறுவிற்பனை செய்ய முடியாததையும் சேர்க்காமல் ‘மலிவு’ என்று சொல்வது வாங்குபவருக்கு இழைக்கும் அநியாயம்.