ஏற்காட்டில் கரண்ட் இல்லாத இடத்தில் ஹாம் ரேடியோவை (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி செட்டை) இயக்க சோலார் பேனல் மட்டும் போதுமா?

போதாது. முதலில் நல்ல பேட்டரி வாங்குங்கள், பேனல் அப்புறம். லைசென்ஸ் வாங்கிவிட்டு முதல் முறை செட்டை மலைக்குத் தூக்கிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

என் மாமாவின் காபித் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. அங்குள்ள கொட்டகைக்குக் கரண்ட் கிடையாது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே 40 மீட்டர் அலைவரிசைக்கான (7 மெகாஹெர்ட்ஸ்) டைப்போல் என்ற கம்பி ஆன்டெனாவைக் கட்டி, 20 வாட்டில் பேசுவேன். என் செட் கேட்கும்போது 1 ஆம்பியர் இழுக்கும். பேசும்போது சராசரியாக 5. மணிக்குக் கால் மணி நேரம் பேசினால் 2 ஆம்பியர்-அவர் செலவு (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-அவர்). 20 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருந்தால் காலையில் உட்கார்ந்தவன் பொழுது சாயும்வரை கவலையில்லாமல் பேசலாம்.

யூபிஎஸ் பேட்டரி மலிவாச்சே என்று சிலர் வருவார்கள். 5 வாட் சின்ன செட்டுக்கு அது போதும், நான் மறுக்கவில்லை. ஆனால் அது லெட் ஆசிட் வகை; சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். பேசப் பேச வோல்டேஜும் இறங்கிக்கொண்டே போகும். பெரிய செட்டுகள் 13.8 வோல்ட்டை நம்பிச் செய்யப்பட்டவை. 11.7க்குக் கீழே போனால் குரல் உடையும், இல்லையென்றால் செட்டே அணைந்துவிடும். லித்தியம் கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும்.

பேனல் விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் 50 வாட் பேனலில் ஒரு ஆம்பியர்கூட வராத காலைகள் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கவனிக்கும் எம்பிபிடி கன்ட்ரோலர் ரேடியோவில் கிளப்பும் இரைச்சல். ஒரு நாள் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரே சரசரப்பு. பேனல் ஒயரைக் கழற்றினேன். சத்தம் அப்படியே அடங்கி, அதன் அடியில் இருந்த இலங்கை நிலையத்தின் குரல் தெளிவாக வந்தது. அதிலிருந்து, ஓய்வு நேரத்தில்தான் பேனலை மாட்டுகிறேன். ஒயரில் ஃபெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் காந்தப் பொருள் வளையம்) போட்டாலும் ஓரளவு குறையும்.

வீட்டிலிருந்தே பேச முடிந்தால் இவ்வளவு பாடு எதற்கு? சேலத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா கம்பி கட்ட விடமாட்டேன் என்கிறார்கள். கதிர்வீச்சாம்! பக்கத்துக் கட்டடத்து செல்போன் டவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அரசு தேர்வு வைத்துக் கொடுத்த லைசென்ஸைக் காட்டியும் மதிக்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

கடைசியாக ஒயர். 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரை 2 மீட்டர் நீளத்துக்குப் போட்டால் போக, வர இரண்டு ஒயரிலுமாக ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் வாங்குங்கள். பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும்.