பழைய ஆஸிலோஸ்கோப்பில் விளக்கு எரிகிறது, திரையில் கோடு வரவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஆஸிலோஸ்கோப் என்பது மின் சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. உங்களிடம் இருப்பது டெக்ட்ரானிக்ஸ் 465, பேனல் விளக்கு எரிந்தும் திரை இருட்டாகவே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிக்சர் டியூப் போய்விட்டது என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். 1972-இல் வந்த மாடல், இரண்டு சானல், 100 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்கும் மேசையில் வைத்து வேலை வாங்கக்கூடிய கருவி.

டிரிகரை (கோடு எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி) ஆட்டோவில் வைத்து, பிரைட்னஸைக் கூட்டி, பீம் ஃபைண்ட் பட்டனை அழுத்துங்கள்; திரைக்கு வெளியே போன கோட்டை அது உள்ளே இழுத்துக் காட்டும். ஏதாவது வெளிச்சம் தெரிந்தால் டியூபுக்கு உயிர் இருக்கிறது. தெரியாவிட்டாலும் பிரீசெட் எதையும், அதாவது உள்ளே அளவு சரிசெய்து வைத்திருக்கும் சின்னத் திருகுகளை, திருகாதீர்கள். பழுது ஓரிடத்தில் இருக்க, நன்றாக இருக்கும் அளவுகளையும் கலைத்துவிட்டால் அப்புறம் வேலை இரட்டிப்பு.

மூடியைக் கழற்றியதும் பவர் சப்ளையை அளந்துவிடுங்கள்: +110, +55, +15, +5, −8 வோல்ட். டியூப் பக்கம் கை போகவே கூடாது. அங்கே 15,000 வோல்ட்டுக்கு மேல், ஆஃப் செய்த பிறகும் சார்ஜ் நிற்கும். 55-ஐ முதலில் பாருங்கள், மற்றவை அதைச் சார்ந்தவை. டிசி சரியாக இருந்தால் மீட்டரை ஏசிக்கு மாற்றி ரிப்பிளையும் (டிசியோடு கலந்து மிச்சமிருக்கும் ஏசி அலை) பாருங்கள்.

இந்த ஐந்து சப்ளை லைன்களில் ஒன்று மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடந்தால் என் சந்தேகம் டான்டலம் கெப்பாசிட்டர் (டான்டலம் உலோகத்தால் ஆன சின்னக் கெப்பாசிட்டர்) மேல்தான். இந்த வயதுக் கருவிகளில் அது சொல்லாமல் கொள்ளாமல் ஷார்ட் ஆகும். என் மேசைக்கு வந்த வேறொரு ஸ்கோப்பில் 15 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு ஓம்கூட இல்லை. அதே லைனில் பத்துப் பன்னிரண்டு கெப்பாசிட்டர். ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் பழைய போர்டின் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். அதனால் கருவியை ஆஃப் செய்து, வெளியிலிருந்து ஒரு பெஞ்ச் சப்ளையை (வோல்ட்டேஜையும் கரண்டையும் நாமே வைக்கக்கூடிய மேசை பவர் சப்ளை) 1 வோல்ட், அரை ஆம்பியர் லிமிட்டில் அந்த லைனுக்குக் கொடுத்தேன். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் தொட்டுக்கொண்டே போனேன். 180, 160, 130 என்று இறங்கி, ஓரிடத்தில் 95; அதைத் தாண்டினால் மேலே இறங்கவில்லை. கரண்ட் ஷார்ட்டை நோக்கி ஓடுவதால் வோல்ட்டேஜ் அங்கேதான் மிகக் குறைவு; அந்த 95 காட்டிய கெப்பாசிட்டர்தான் ஆள். புளியங்கொட்டையைவிடச் சிறியது, வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. 20 வோல்ட் ரேட்டிங் இருந்த இடத்தில் 35 வோல்ட் போட்டேன். பிளஸ் கால் எது என்று இரண்டு முறை பாருங்கள், மாற்றிப் போட்டால் பற்றிக்கொள்ளும். சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மெல்லிய பச்சைக் கோடு எழுந்து வந்தது. அந்தச் சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

லைன்கள் எல்லாம் சரி, ஆனால் கோடு இல்லை என்றால், சாக்கெட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர்களை ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி அதே இடத்தில் செருகிப் பாருங்கள். 155 என்று தொடங்கும் எண்ணுள்ள ஐசிகளிடம் மட்டும் பதமாக நடந்துகொள்ளுங்கள். டெக்ட்ரானிக்ஸே செய்தவை, கடையில் புதிதாகக் கிடைக்காது.

ஐந்து வோல்ட்டேஜையும் அளந்து இங்கே எழுதுங்கள், அடுத்து எந்தப் பக்கம் போகலாம் என்று பார்ப்போம்.