அடிவாங்கும் மாணவன் முறையிட்டால் சட்டம் அவன் மீதே பாயுமா?

திருகோணமலையில் பத்தாம் தரம் படிக்கும் தம்பியைச் சக மாணவர்கள் "பெண்நடை" என்று கேலி செய்து அடிப்பதாகவும், அதிபரிடம் சொன்னால் அவனே சட்டச் சிக்கலில் மாட்டுவானோ என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டமாட்டான். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தண்டிப்பது ஒருபாலுறவு போன்ற பாலியல் செயல்களை. நடையும் குரலும் யார் மீது ஈர்ப்பு என்பதும் குற்றமல்ல. அடிப்பதுதான் குற்றம். ஆனாலும் அந்தப் பழைய பிரிவுகள் கிளப்பும் பயமே பிள்ளைகளின் வாயைக் கட்டுகிறது. அடிப்பவர்களுக்கு அதுவே துணிச்சல்.

எனவே முறைப்பாட்டில் அவன் யார் என்று விளக்க வேண்டாம். எந்த நாள், எந்த இடம், யார் அடித்தார்கள், காயம் என்ன, இவ்வளவு போதும். அவன் சம்மதமின்றி பெற்றோரிடம்கூட அவனுடைய பாலீர்ப்பைப் பற்றிப் பேசாதீர்கள். வகுப்பில் வாங்கிய அடியைவிட வீட்டில் அதிகம் வாங்கிய பிள்ளைகள் உண்டு. ஊர் சிறியது, உவர்மலையில் சொன்னது மாலைக்குள் கடற்கரைக்கு வந்துவிடும்.

அதிபரிடம் எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம். அடித்தவர் ஆசிரியர் என்றால் இன்னும் எளிது: உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே தடுக்கிறது. "ஆம்பிளையாக்கத்தான் அடித்தேன்" என்பது சமாதானமே அல்ல.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச எண் 1929. தமிழிலேயே பேசலாம். அவன் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் மனநல உதவிக்கு 1926ஐ இன்றே அழையுங்கள்; முறைப்பாடு நாளைக்கும் எழுதலாம்.