வேலையில்லாமல் இருக்கும்போது லண்டன் ஸ்டூடண்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், தம்பி. முல்லைத்தீவில் வாழ்வாதாரத் திட்டம் முடிந்து எட்டு மாதமாக வேலையில்லை, ஏஜென்சிக்காரர் "இப்பவும் வேலை செய்யிற மாதிரி ஒரு சேவைக் கடிதம் எடுத்துத் தாறன்" என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

பிரித்தானிய மாணவர் விசா 70 புள்ளிக் கணக்கில் போகிறது. உங்களுக்கு இடம் தந்ததை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் சிஏஎஸ்ஸுக்கு (CAS) 50, ஆங்கிலத்துக்கு 10, காசுக்கு 10. வேலைக்கென்று ஒரு புள்ளியும் இல்லை. ஆனால் உண்மையில் படிக்கத்தான் வருகிறீர்களா என்று அதிகாரி பார்ப்பார். தேவைப்பட்டால் நேர்முகமும் வைப்பார். உங்கள் எட்டு மாதம் அங்கேதான் பேச்சுக்கு வரும்.

வன்னியில் தொண்டு நிறுவன வேலை என்றால் திட்டம் இருக்கும் மட்டும்தான். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நிதி முடிந்து ஒப்பந்தம் முடிவது யாருக்கும் குறை அல்ல. அதற்குக் கையில் எழுத்து இருக்க வேண்டும், அவ்வளவுதான்: நியமனக் கடிதம், முடிவுத் திகதி போட்ட சேவைச் சான்றிதழ், ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கூற்று. இந்த மூன்றில் ஈ.பி.எஃப் கூற்றைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் எந்த மாதம் வரை விழுந்தன என்பதை அது காட்டிவிடும். அது மார்ச்சோடு நிற்க, கடிதம் மட்டும் "இன்றுவரை பணியில்" என்றால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சி. பொய் ஆவணம் என்று பிடிபட்டால் பிரித்தானியா 10 வருடத்துக்குக் கதவை மூடலாம். பிறகு கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போட்டாலும் "முன்பு விசா மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டிவரும்.

இடைவெளியை இப்படி நேராக எழுதுங்கள்: "2023 ஏப்ரலில் இருந்து 2025 மார்ச் வரை கள உத்தியோகத்தராக இருந்தேன். நிதி முடிந்ததால் ஒப்பந்தம் முடிந்தது. பிறகு ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்து எழுதினேன், அப்பாவின் வயலையும் பார்த்தேன். அடுத்த திட்டத்தில் பொறுப்பான பதவிக்குப் போக இந்தப் பட்டம் வேண்டும்." திகதிகள் உங்களுடையதாக இருக்கட்டும். நீங்கள் எடுக்கும் பாடநெறிக்கும் செய்த வேலைக்கும் தொடர்பு எங்கே என்பதை மட்டும் விரிவாக எழுதுங்கள். எந்தக் குளத்தின் கீழ் எந்த விவசாயிகளோடு என்ன செய்தீர்கள் என்று சொன்னால், அதை ஏஜென்சிக்காரர் எழுதித் தந்திருக்க முடியாது என்று வாசிப்பவருக்கே விளங்கும்.

இனிக் காசு. நான் பார்த்த அளவில் எங்கள் ஆட்கள் வழுக்குவது வேலையில் இல்லை, இதில்தான். வாழ்க்கைச் செலவுக்கென்று காட்ட வேண்டிய தொகை, 2025 நவம்பர் 11 இலிருந்து லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண், லண்டனுக்குள் 1,529. ஒரு வருடப் படிப்பென்றால் 9 மாதத்துக்குக் காட்ட வேண்டும். வெளியே என்றால் 10,539 பவுண். அதோடு சிஏஎஸ்ஸில் இன்னும் கட்டவில்லை என்று இருக்கும் முதல் வருடக் கட்டணமும் சேரும். அந்தத் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28ஆம் நாள் நீங்கள் விண்ணப்பிக்கும் திகதிக்கு 31 நாளுக்குள் விழ வேண்டும்.

போன வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சியின் பாங்க் கூற்றை வரிவரியாகப் பார்த்தோம். நடுவில் ஒரு வரி, தகப்பன் உரம் வாங்க எடுத்த காசு. இரண்டு நாளில் நெல்லு வித்துத் திரும்பப் போட்டிருக்கிறார். ஆனால் அந்த இரண்டு நாளும் மீதி தேவையான தொகைக்குக் கீழே. பிள்ளை அழுதுவிட்டது. 28 நாளைப் புதிதாக எண்ணிய பிறகுதான் விண்ணப்பம் போனது. ரூபாய்ப் பெறுமதி விண்ணப்பிக்கும் நாளின் விலைக்கே கணக்கிடப்படும் என்பதால் கொஞ்சம் கூடவே வைத்திருங்கள்.

கணக்கு உங்கள் பெயரில் அல்லது அப்பா அம்மா பெயரில் இருக்க வேண்டும். கனடா மாமாவின் கணக்கைக் காட்ட முடியாது. அவர் உண்மையிலேயே உதவுகிறார் என்றால் காசை அப்பாவின் கணக்குக்கு அனுப்பட்டும். அனுப்பிய துண்டையும் அவருடைய கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். வட்டிக்கு எடுத்துக் காட்டும் காசு வேண்டவே வேண்டாம். வயல், காணி உத்தரவுப்பத்திரம், நகை எதுவும் இந்தக் கணக்கில் சேராது, அதற்கு மதிப்பீட்டுக் கடிதம் எடுக்க அலையாதீர்கள்.

அப்பாவின் கணக்கென்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். இடப்பெயர்வில் தொலைந்து பிறகு பிரதேச செயலகத்தில் எடுத்த சான்றிதழென்றால் அப்பாவின் பெயரை ஓரெழுத்து விடாமல் பாருங்கள். சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவர் பெயர் ஒரு எழுத்துக்கூட்டலிலும் பாங்க் புத்தகத்தில் இன்னொன்றிலும் இருந்தால் அவர்தான் தகப்பன் என்று அதிகாரி எப்படி நம்புவார்? மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே அடையாள அட்டையின் பிரதியையும் கொடுங்கள்.

காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்பு போக வேண்டும். சான்றிதழ் 6 மாதம் செல்லும், அதனால் மிக முந்தியும் ஓட வேண்டாம்.

அவுஸ்திரேலியா என்றால் கதை கொஞ்சம் வேறு. 2024 மார்ச் 23 இலிருந்து உள்ள புதிய முறையில் உங்கள் தற்போதைய நிலையைத் தொழில் உட்படப் படிவத்திலேயே கேட்கிறார்கள், ஒரு கேள்விக்கு 150 சொல்தான். மேலே சொன்ன பந்தியைச் சுருக்கி அங்கே எழுதலாம்.

ஏஜென்சி மூலம்தான் போகிறீர்கள் என்றால் விண்ணப்பம் உங்கள் சொந்த ஈமெயிலில் திறக்கப்பட வேண்டும். அனுப்பும் பொத்தானை அமத்துவதற்கு முதல் முழுப் படிவத்தையும், முக்கியமாகத் தொழில் பற்றிய பக்கத்தை, நீங்களே வாசியுங்கள். அதில் யார் என்ன நிரப்பினாலும் பொறுப்பு உங்கள் பெயரில்தான் விழும்.