டபுள் மார்க்கர் டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டுமா?

வயது 29, முதல் கர்ப்பம், பதினோராவது வாரம். டாக்டர் என்.டி. ஸ்கேனும் (குழந்தையின் கழுத்தின் பின்புறத்தில் சேரும் நீரின் அளவைப் பார்ப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்திருக்கிறார், எடுக்காமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடலாம், கட்டாயம் இல்லை. ஆனால் ஸ்கேனை மட்டும் தவறவிடாதீர்கள். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான் அதற்கு நேரம்; பெரிய உருவக் குறைகள் சில அதிலேயே தெரிந்துவிடும்.

ரத்தப் பரிசோதனை அப்படியல்ல. டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைபாடுகளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்றுதான் அது சொல்லும். 1:200 என்று வந்தாலே பலர் பதறிப்போகிறார்கள். அதே ரிசல்ட் வந்த 200 பேரில் 199 பேரின் குழந்தைக்கு அந்தப் பாதிப்பு இருக்காது என்பதுதான் அதற்குப் பொருள். அப்புறம் என்.ஐ.பி.டி. (தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் சோதனை) எடுக்கலாம், விலை அதிகம், அதுவும் முடிவான பதில் அல்ல. உறுதியாகத் தெரிய பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு.

அந்த ஊசி வரை போவீர்களா? அதைக் கணவரோடு இப்போதே பேசிவிடுங்கள். என்ன வந்தாலும் பெற்றுக்கொள்வோம் என்பவர்களுக்கும் முன்கூட்டித் தெரிவது உதவும்: குழந்தையின் இதயத்தைத் தனியாக ஸ்கேன் செய்யலாம், வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். சிலருக்கோ ஆறு மாதக் கவலைதான் மிச்சம். நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என்.ஐ.பி.டி.யில் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தியாவில் அதைச் சொல்வது குற்றம்.